என் முகம் ஒட்டிய பெட்டிகள்

மழைக்கு யாரும் பில் போடுவதில்லை. ஆகவே வானத்திலிருந்து விழும் டிவி சிக்னலுக்கும் யாரும் பில் போட முடியாது என்று நான் நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. கொடைக்கானலில் கேபிள் லைன் நடத்திய காலத்தில் இதை ஹைகோர்ட் வக்கீல் தோரணையில் ஊருக்கெல்லாம் விளக்கினேன். "வானத்துக்கு எவன்யா பட்டா வச்சிருக்கான்?" என்று கேட்பேன். எதிரில் இருப்பவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவேன்.

தம்பிகளே, தங்கச்சிகளே, நீங்கள் இன்று வீடுகளுக்கு நெட் ஃபைபர் வயர் இழுக்கிறீர்கள். நான் யூகலிப்டஸ் மரத்துக்கு மரம் கறுப்பு வயர் கட்டிக்கொண்டு அலைந்தவன். ஆனால் உங்களிடம் இப்போது வந்து நிற்கிற அந்தச் சின்னப் பெட்டி எனக்குப் புதிதல்ல. எல்லாச் சேனலும் வரும், புதுப் படமெல்லாம் வரும், சந்தா கிடையாது, நெட்டில் மாட்டினால் போதும் என்கிறார்கள். போன வாரம் உங்களில் ஒருவர், "அண்ணே, கஸ்டமரே கேக்குறாங்க. வாங்கிக் குடுத்தா நமக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டார். 'செய்யாதே' என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அந்த வயதில் ஒரே வார்த்தையில் யாராவது எனக்குச் சொல்லி நான் கேட்டிருந்தால், இதை எழுத வேண்டிய வேலையே இருந்திருக்காது. ஆகவே கதையாகவே சொல்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் என் கேபிள் பெருமாள்மலையோடு நின்றுவிடும். அதற்குக் கீழே காடு. கம்பம் நட அனுமதி இல்லை. மீறி மரத்தில் கட்டினால் காட்டுமாடு வயரைக் கொம்பில் மாட்டிக்கொண்டு போய்விடும். பண்ணைக்காட்டுப் பக்கத்துக் காப்பித் தோட்டத்து வீடுகளிலும், கீழிருந்து வருகிற மலைப்பாதையில் பண்ணைக்காட்டுக்குத் திரும்பும் பிரிவில் இருந்த கடைகளிலும் ஆட்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்கள்: "எங்களுக்கு எப்போ கேபிளு?"

அப்போதுதான் மலைக்குக் கீழேயிருந்து ஒருவர் வந்தார். கையில் ஒரு பெட்டி. கூரையில் ஒரு டிஷ் வைத்து இதில் இணைத்தால் கேபிளே வேண்டாம் என்றார். காசு கட்டிப் பார்க்க வேண்டிய சேனல்களைப் பூட்டி அனுப்புவார்கள் அல்லவா? அந்தப் பூட்டைத் திறக்கிற எண்களை இந்தப் பெட்டிக்குள் ரிமோட்டால் அடித்துவிட்டால் எல்லாச் சேனலும் திறந்துகொள்ளும். "எண்ணை மாத்துனாங்கன்னா எனக்கு ஒரு போன் போடுங்க. புது எண் சொல்றேன்" என்றார். நான் ஒரேயடியாக ஒரு சாக்கு நிறைய வாங்கினேன்.

இங்கேதான் என் அறிவு முழுவதையும் செலவழித்து ஒரு காரியம் செய்தேன். ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் ஸ்டிக்கர் ஒட்டினேன். அதில் என் பெயர், போன் நம்பர், 'குறை இருந்தால் என்னிடம் சொல்லுங்கள்' என்ற வாசகம், பக்கத்தில் கோட்டு போட்டுச் சிரிக்கிற என் போட்டோ. கோட்டு ஸ்டுடியோக்காரருடையது. சிரிப்பு என்னுடையது. மலை ஈரத்தில் சாதாரணப் பசை நிற்காது என்று லாரிக் கண்ணாடியில் ஒட்டுகிற தரத்தில் மதுரையில் அடித்து வாங்கினேன். திருட்டுப் பெட்டியில் தன் முகத்தையே ஒட்டி, கூப்பிட வசதியாக நம்பரும் கொடுத்தவன் இந்தியாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பிரிவில் டீக்கடை வைத்திருந்தார் செல்வராணி அக்கா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். காலையில் வடை, மதியம் வரை வாழைப்பழம், நாள் முழுக்க டீ. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றிப் போகிற லாரிக்காரர்களெல்லாம் அங்கேதான் நிற்பார்கள். டிவி இருந்தால் இன்னொரு டீ குடிப்பார்கள் என்று நான்தான் ஆசை காட்டினேன். பெட்டியை வாங்குவதற்கு முன் அவர் கேட்ட ஒரே கேள்வி இது:

"தம்பி, இது சட்டந்தானா? சர்க்கார் வீட்டுமனைக்கு எழுதிப் போட்டிருக்கம். பேர்ல ஒரு கேஸு கீஸு விழுந்தா லிஸ்டுலருந்து எங்க பேரை அடிச்சுப் போட்டுருவாங்க. கடதாசிக்காகவே பாதி ஆயுசு வரிசையில நின்ன சனம் நாங்க."

"வானத்துக்கு எவன்க்கா பட்டா வச்சிருக்கான்?"

"எனக்கு வானம் வேணாம் தம்பி. மூணு சென்ட் தரை போதும். அது கெட்டுப் போகாதுல்ல?"

"என் மூஞ்சியே ஒட்டியிருக்கேன், பாருங்க. தப்புன்னா ஒட்டுவனா?"

அவர் ஸ்டிக்கரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "போட்டோவுல கொஞ்சம் நல்ல பிள்ளையா தெரியிறீங்க" என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

சில வாரம் நன்றாகப் போனது. பிறகு சேனல் கம்பெனிக்காரர்கள் பூட்டு எண்ணை மாற்ற ஆரம்பித்தார்கள். மாற்றுகிற அன்று என் கஸ்டமர் வீடுகளில் எல்லாத் திரையும் கறுப்பு. புது எண்ணைப் போனில் சொல்லி அடிக்க வைக்கலாம் என்றால், அங்கே போன் ஒரு வளைவில் எடுக்கும், அடுத்த வளைவில் எடுக்காது. ஆக நானே வீடு வீடாகப் போய் ரிமோட்டை அமுக்குவேன். வெள்ளனே கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்புவேன். திரும்புவதற்குள் மறுபடி மாற்றியிருப்பார்கள். சந்தா இல்லாத பெட்டிக்கு நானே மாதச் சந்தாவாகத் தேய்ந்துகொண்டிருந்தேன்.

அடுத்தது ஷாக். ஒரு நாள் அக்கா கூப்பிட்டு, "தம்பி, உங்க பெட்டி கடிக்குது" என்றார். ஈரக்கையோடு தொட்டதும் சுரீரென்று பிடித்திருக்கிறது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "குளிர்ல அப்படித்தான்க்கா இருக்கும்." சொல்லிவிட்டு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டை வைத்துவிட்டு வந்தேன். பின்னாளில் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, உள்ளே ஃபியூஸும் இல்லை, எர்த்தும் இல்லை, மெயின் வயர் தகரத்தை உரசிக்கொண்டு கிடந்தது. யாரும் சோதிக்காத பெட்டி என்றால் யாருமே சோதிக்கவில்லை என்றுதான் அர்த்தம். இதை மட்டுமாவது மனதில் வையுங்கள். உங்கள் காலத்துப் பெட்டி கையைக் கடிக்காமல் இருக்கலாம். ஆனால் வீட்டு நெட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த வீட்டார் போனில் பணம் அனுப்புவதும் அதே நெட்டில்தான். பெட்டி செய்தவன் யார், உள்ளே என்ன வைத்திருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. தெரியாததைத்தான் நானும் அன்று விற்றேன்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். கிரிக்கெட் மேட்ச் நாள். ஆட்டம் நியூசிலாந்தில், நம் ஊரில் விடிவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கொடைக்கானலில் என் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். ஜீப் ஓட்டும் முருகேசன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். அவனும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஃபெயிலானவர்கள்.

"ஏலே, உன் சோலி முடிஞ்சுச்சுடா."

"என்னலே?"

"வத்தலக்குண்டுல ஒரு வண்டி நிக்கிது. போலீஸு இருக்கு, மெட்ராஸ்காரங்க இருக்காங்க. திருட்டுச் சமாச்சாரம் பிடிக்க மலைக்கு வாராங்களாம்."

"என்ன திருட்டு?"

"படம்ங்கிறான், டிவிங்கிறான். எனக்கு என்ன தெரியும்? வண்டி மேல கம்பி கம்பியா என்னமோ நீட்டிக்கிட்டுக் கெடக்கு."

கம்பி என்றதும் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். சுவருக்குள்ளே எந்த வீட்டில் எந்தப் பெட்டி ஓடுகிறது என்று கண்டுபிடிக்கிற வண்டி ஒன்று வெளிநாட்டில் இருப்பதாக எவனோ சொல்லக் கேட்டிருக்கிறேன். அதேதான் இது என்று முடிவு கட்டினேன். முதல் காரியமாகக் கன்ட்ரோல் ரூமின் ஜன்னலைச் சாத்தினேன். வானத்திலிருக்கிற சாட்டிலைட்டையே பிடிக்கிற கருவியை மரச்சட்டத்தால் தடுத்துவிடலாம் என்று என் மூளை அந்த நேரத்தில் முடிவு செய்திருந்தது. அடுத்து, பெட்டி விற்றவருக்குப் போன் போட்டேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு பெண் குரல், அவ்வளவு மரியாதையாக.

"ஸ்டிக்கரு!" என்று கத்தினேன்.

"என்ன ஸ்டிக்கரு?"

"எல்லாப் பெட்டியிலயும் என் மூஞ்சி இருக்குடா. வண்டியை எடு, வெரசா!"

ஆக, நான் ஓடியது பெட்டிகளை எடுக்க அல்ல, என் முகத்தை உரித்து எடுக்க. பெட்டி யார் வீட்டில் இருந்தாலும் சரி, என் பெயர் அதில் இருக்கக் கூடாது. பயம் வந்தால் மனிதன் எவ்வளவு சுருங்குவான் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெருமாள்மலை தாண்டி முதல் வீட்டில் நகத்தால் சுரண்டினேன். நகம்தான் உடைந்தது. இரண்டாவது வீட்டில் மண்ணெண்ணெய் கேட்டேன். அந்த வீட்டு அம்மா, "டிவிக்குமா மண்ணெண்ணெய் ஊத்துவாங்க?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்தார். தேய்த்ததில் கோட்டு போனது, வாசகம் போனது, மூக்கு போனது. கண்ணும் பல்லும் மட்டும் மிஞ்சின. சிரிக்கிற பேய் மாதிரி இருந்தது. போன் நம்பரில் ஒரு எண்கூட அழியவில்லை. மதுரைக்காரர் சொன்ன தரத்தில் குறையே வைக்கவில்லை.

முருகேசன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். "ஏலே, இதுக்கு முழுசாவே விட்டிருக்கலாம். இப்போ குத்தவாளி மாதிரியே இருக்க."

பிரிவுக்கு வந்து சேர்ந்தோம். கடையில் கூட்டம், மேட்ச் ஓடுகிறது. பாய்லர் ஆவியில் காட்டினால் ஸ்டிக்கர் உரியும் என்று எனக்கு ஒரு யோசனை. பெட்டியை நோக்கிக் கையை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து மலைப்பாதையில் ஹாரன் சத்தம். கீழிருந்து போலீஸ் வண்டி ஒன்று, பின்னாலேயே இன்னொரு வண்டி. அடுத்த நொடி நான் எங்கே இருந்தேன் என்று நினைக்கிறீர்கள்? தொங்கிக்கொண்டிருந்த வாழைத்தாருக்குப் பின்னால். தார் என் இடுப்பு வரைதான் மறைத்தது. வண்டிகள் இரண்டும் நிற்காமல் கொடைக்கானலை நோக்கி மேலே போய்விட்டன.

"தம்பி, பழம் வேணும்னா கேளுங்க. ஏன் கட்டிப் பிடிக்கிறீங்க?" என்றார் அக்கா.

வெளியே வந்து மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். இவர்கள் வந்தால் சிக்கல், ஸ்டிக்கரை மட்டும் உரித்துக்கொள்கிறேன், நீங்கள் ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"பெட்டி?"

"அது... இருக்கட்டும்க்கா. மேட்ச் ஓடுதுல்ல."

"ஆக, பெட்டி என் கடையில இருக்கும். உங்க முகம் மட்டும் இருக்காது. வர்றவங்க இது யாரு குடுத்ததுன்னு கேட்டா நான் யாரைக் காட்டுறது? நீங்க எனக்குக் குடுத்த ரசீது அது ஒண்ணுதான். தொடாதீங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் வடை தட்டும் கை ஸ்டிக்கருக்கு மேல் அழுத்தமாக உட்கார்ந்துவிட்டது. மாவு போட்டோவிலிருந்த என் நெற்றியில் ஒட்டியது.

அந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. காலையிலிருந்து நான் கணக்குப் போட்டதெல்லாம் ஒரே ஆளுக்கு. என்னைப் பிடித்த பயம் எனக்காக மட்டும்தான். அவருக்கு வரப்போவது என்ன என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. பூட்டை உடைத்த சேனலைப் பார்ப்பதே குற்றம். அதைக் கடையில் நாலு பேருக்குப் போட்டுக் காட்டினால் இன்னும் பெரிது. வண்டி வந்து நிற்கும்போது பெட்டி எங்கே ஓடிக்கொண்டிருக்கிறதோ அங்கேதான் கை வைப்பார்கள். வழக்கு வந்தால் மனை லிஸ்டிலிருந்து அவர் பெயரை நிஜமாகவே அடித்துவிடுவார்களா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் ஒரு தடவை உறுதி கொடுத்தாயிற்று. இரண்டாவது தடவை கொடுக்க வாய் வரவில்லை.

பயம் போகவில்லை, தம்பிகளே. அது கடைசி வரை போகாது. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க முடியும். பிளக்கைப் பிடுங்கினேன்.

கடையே எழுந்துவிட்டது. "யோவ்! கடைசி அஞ்சு ஓவரு!" என்றார் முட்டைக்கோஸ் லாரி டிரைவர். "முட்டைக்கோசு வாடிப் போனாலும் பரவால்லன்னு ஒக்காந்திருக்கேன், நீ பிடுங்குற!"

"இது திருட்டுப் பெட்டிங்க. நான்தான் வித்தேன். இனிமே இங்க ஓடாது" என்றேன். உரக்கத்தான் சொன்னேன். குரல் என்னவோ ஆட்டுக்குட்டி மாதிரி வந்தது.

"மேட்ச் முடிஞ்சப்புறம் திருந்தக் கூடாதாய்யா?"

அக்கா பெட்டியைத் தானே துடைத்து என் கையில் கொடுத்தார். அதற்கு முன் பாய்லர் ஆவியில் ஒரு நிமிடம் காட்டி, ஸ்டிக்கரை முழுசாக உரித்து, டீத்தூள் டப்பாவின் மேல் ஒட்டிக்கொண்டார். எனக்கு மட்டும் அந்த வித்தை கைவரவில்லை.

அன்று பகல் முழுவதும் முருகேசனும் நானும் வீடு வீடாகப் போனோம். "இது குற்றம், நான்தான் விற்றேன், திருப்பி எடுத்துக்கிறேன்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். முதல் வாசலில் மூன்று தடவை தொடங்கித்தான் சொல்லி முடித்தேன். போகப் போகப் பழகிவிட்டது. ஒரு காப்பித் தோட்டத்துப் பெரியவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்றார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் திட்டுவதை முழுக்கக் கேட்டு, பிறகு வாங்கிக்கொண்டேன். ஒரு அம்மா பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கதவை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சாத்தினார். கடைசியில் எல்லாம் ஒரு கேரட் மூட்டைச் சாக்கில் அடங்கின.

சாயங்காலம் மறுபடி பிரிவுக்கு வந்தோம். எனக்குக் கால் ஓய்ந்துவிட்டது. அக்காவின் கடையில் பழைய ஆன்டெனாவில் அரசு சேனல் மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. யாரோ மண்புழு உரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சாக்கைக் காலடியில் வைத்துக்கொண்டு டீயை வாயில் வைத்தேன். அந்த இரண்டு வண்டிகளும் மேலிருந்து இறங்கி வந்து கடை வாசலில் நின்றன.

ஓட இடம் இருந்தது. வாழைத்தாரும் இருந்தது. ஓடவில்லை. தைரியம் என்று நினைக்காதீர்கள், தார் இடுப்பு வரைதான் மறைக்கும் என்று காலையிலேயே தெரிந்துவிட்டது.

அதிகாரி பெஞ்சில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "ஏம்மா, காலையில ஓடுன மேட்ச் என்ன ஆச்சு?"

"இதுல மண்புழுதான் சார் வருது" என்றார் அக்கா.

அதிகாரி கால் நீட்டினார். பூட்ஸ் சாக்கில் இடித்தது. "மூட்டையில என்ன, கேரட்டா?"

கேரட் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சொல்லியிருந்தால் அவர் ஒரு கேரட் கேட்டிருப்பார், அது வேறு விஷயம். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கிளாஸ் கழுவிக்கொண்டு நின்றார். டிவிக்குப் பின்னால், பெட்டி இருந்த இடத்தில், வயர் ஒன்று தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இன்று கேரட் என்றால், நாளை யாராவது அந்த வயரைப் பார்த்து அக்காவிடம்தான் கேட்பார்கள்.

"பெட்டி சார். திருட்டுப் பெட்டி. சந்தா கட்டாம எல்லாச் சேனலும் வர்றது. நான் வித்தது. இன்னிக்கு நானே எல்லாத்தையும் திருப்பி எடுத்துட்டேன்."

அவர் டீயைக் கீழே வைத்தார். சாக்கை அவிழ்த்தார். ஒரு பெட்டியை எடுத்துப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எல்லாத்துலயும் நீங்கதான் சிரிக்கிறீங்க. இது என்ன, ஒண்ணுல பல்லு மட்டும் இருக்கு?"

"அது மண்ணெண்ணெய் சார்."

கான்ஸ்டபிள் தொங்கிய வயரைக் கவனித்துவிட்டார். "இந்தக் கடையிலயும் இருந்துச்சாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பதில் சொன்னார். "இருந்துச்சு சார். சட்டந்தானான்னு கேட்டுத்தான் வாங்கினேன். சட்டந்தான்னு இந்தத் தம்பி சொல்லிச்சு. இந்தா, அவரு படம்." டீத்தூள் டப்பாவைத் தூக்கிக் காட்டினார். "காலையில அவரே வந்து, இது தப்புன்னு கடை நிறைய ஆளுக்கு முன்னால சொல்லிக் கழட்டிட்டுப் போனாரு. லாரிக்காரங்களைக் கேளுங்க, இன்னும் திட்டிக்கிட்டுத்தான் இருப்பாங்க."

"ஆமா சார்" என்றேன். "வாங்கினவங்க யாருக்கும் தெரியாது. தப்பில்லன்னு சொல்லி வித்தது நான். என் பேர்ல எழுதிக்கங்க."

அதிகாரி டப்பாவிலிருந்த என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "வண்டியில ஏறுங்க" என்றார். என்னிடம்தான்.

ஏறும்போதுதான் வண்டியின் கூரையைப் பார்த்தேன். நடந்தது இவ்வளவுதான். அவர்கள் மலைக்கு வந்தது பஜாரில் திருட்டு சினிமா சிடி விற்ற ஒரு கடையைப் பிடிக்க. டிவிப் பெட்டி பற்றி அவர்களுக்கு எந்தத் தகவலும் இல்லை. வண்டி மேல் நீட்டிக்கொண்டிருந்தது ஏணி. பெட்டிகள் பறிமுதலாயின. வழக்கு என் ஒருவன் பெயரில் பதிவானது. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினேன். செல்வராணி அக்காவின் பெயரில் ஒரு கேஸும் விழவில்லை. மனைப் பட்டா அவருக்கு வந்தது. இன்று அவர் வீடு அந்த மூன்று சென்ட்டில் இருக்கிறது.